கேட்டால் சொல்கிறேன்: தோற்ற கலகமும் ஜெயித்த ராணுவமும்

போன இதழில் ஒரு வாசகர், "பட்ஜெட் போட்டதற்காக எந்த நாட்டிலாவது நிதியமைச்சரைக் கொன்றிருக்கிறார்களா?" என்று விளையாட்டாகக் கேட்டிருந்தார். "ஜப்பானில், 1936 பிப்ரவரி 26 அன்று" என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அப்புறம் அஞ்சலட்டையிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகளைப் பார்த்தால், அப்படி நழுவியது தப்பு என்று புரிந்தது. அன்று டோக்கியோவில் இளம் ராணுவ அதிகாரிகள் ஒரு கலகம் செய்தார்கள், அதில் செத்தவர்களில் ஒருவர் அந்த நிதியமைச்சர். ஆகவே இந்த இதழ் முழுக்க அந்த ஒரு வருஷம்தான். முழங்கால் வலி பற்றிக் கேட்ட இருவர் மன்னிக்கவும், அடுத்த இதழில் கவனிக்கிறேன்.

மன்னார்குடி வாசகி: அந்த நிதியமைச்சருக்கு 81 வயதாமே. அந்த வயதில் ஒருவரைக் கொல்ல அப்படி என்ன கோபம்?

கணக்குப் பார்த்ததுதான் குற்றம். தகஹாஷி கொரெகியோ என்பது அவர் பெயர். உருண்டை முகம், தாடி, பருத்த உடம்பு. ஜனங்கள் செல்லமாக 'தருமா' என்பார்கள். தருமா என்பது ஜப்பானிய பொம்மை. எத்தனை தரம் தள்ளினாலும் நிமிர்ந்து உட்காரும், நம் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி. அவர் வாழ்க்கையும் அப்படித்தான். சிறுவனாக அமெரிக்கா போய், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, ஓக்லாந்தில் ஒரு வீட்டில் கொத்தடிமையானார். நடு வயதில் பெரு நாட்டு வெள்ளிச் சுரங்கத்தில் பணத்தைக் கொட்டினார். போய்ப் பார்த்தால் யாரோ எப்போதோ சுரண்டி முடித்த சுரங்கம். ஊர் திரும்பி, ஜப்பான் மத்திய வங்கி புதுக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு சின்ன உத்தியோகத்தில் சேர்ந்தார். அதே ஆள்தான் 1904-05 ரஷ்ய யுத்தத்துக்கு லண்டனிலும் நியூயார்க்கிலும் கடன் திரட்டிக் கொடுத்தவர். 1921-ல் பிரதமர்.

1931 டிசம்பரில் உலகமே மந்தத்தில் கிடந்தபோது மறுபடி நிதியமைச்சர் ஆனார். வந்ததும் யென்னின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார். யென் சரிந்தது, ஜப்பான் சரக்கு மலிந்தது. மத்திய வங்கியையே அரசுக் கடன் பத்திரங்களை வாங்க வைத்து, அந்தப் பணத்தைச் செலவழித்தார். மற்ற பெரிய நாடுகளுக்கு முன்னால் ஜப்பான் எழுந்து உட்கார்ந்தது. அந்த மலிவுத் துணி இந்தியாவுக்குள் கொட்டியதைத் தாங்காமல்தான் 1933-ல் வெள்ளைக்கார அரசு பிரிட்டிஷ் அல்லாத துணிக்கு 75 சதவீதம் வரி போட்டது.

சிக்கல் பிறகு வந்தது. கடன் வாங்கிச் செலவழிப்பது மருந்து, சாப்பாடு அல்ல என்று அவருக்குத் தெரியும். பொருளாதாரம் தெளிந்ததும் கையை இறுக்கினார். ராணுவமோ அந்த நேரத்தில்தான் இன்னும் கொடு என்றது. 1935 கடைசியில் அமைச்சரவைக் கூட்டத்தில் ராத்திரி முழுக்க ராணுவத்தோடு மல்லுக்கட்டினார்.

பிப்ரவரி 26 விடியற்காலை ஐந்து மணிவாக்கில், பனி மூடிய அகாசகாவில், அவர் வீட்டுக்குள் துருப்புகள் நுழைந்தன. மாடியில் படுத்திருந்தவரைப் படுக்கையிலேயே சுட்டு, வாளாலும் வெட்டினார்கள். வந்தது யார் தெரியுமா? சக்கரவர்த்தியைக் காக்க வேண்டிய மெய்க்காவல் படை.

அந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். டோக்கியோவுக்கு மேற்கே கோகனேய் பூங்காவில் பழைய கட்டடங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மகள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மரப்படி ஏறினால் அந்த அறை. பாய் விரித்த தரை, கண்ணாடி ஜன்னல், வெளியே தோட்டம். என் மனைவி, "இவ்வளவு சின்ன அறையா?" என்று மட்டும் கேட்டாள். முப்பத்து நாலு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். கடன் இல்லை என்று சொன்னதற்கு எனக்குக் கிடைத்த அதிகபட்ச தண்டனை ஒரு மாற்றல் உத்தரவு. அந்த அறையில் நின்றபோது அது நினைவுக்கு வந்து, சிரிப்பும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை.

விருதுநகர் கல்லூரி மாணவர்: கொன்றவர்கள் யார்? அவர்களுக்கு என்னதான் வேண்டுமாம்?

லெப்டினன்ட், கேப்டன் மட்டத்து இளம் அதிகாரிகள். அவர்களின் படைக்கு வந்து சேர்ந்த சிப்பாய்கள் பலர் ஏழைக் கிராமத்துப் பையன்கள். 1934-ல் ஜப்பானின் வடகிழக்கில் குளிர் மிஞ்சி நெல் பொய்த்தது. பெண் பிள்ளைகளை விலைமாதர் விடுதிக்கு விற்ற குடும்பங்கள் உண்டு. தன் படையில் நிற்கும் பையனின் அக்கா அப்படிப் போயிருக்கிறாள் என்று கேட்ட அதிகாரிக்குக் கோபம் வரும்தானே? அதுவரை நியாயம்.

அந்தக் கோபம் எங்கே திரும்பியது என்பதில்தான் கோளாறு. அரசியல் கட்சிகளும் பெருமுதலாளிகளும் அரண்மனைப் பெரியவர்களும் சக்கரவர்த்தியை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இவர்களைத் தீர்த்துக்கட்டினால் சக்கரவர்த்தியே நேரடியாக நல்லாட்சி தருவார் என்று நம்பினார்கள். 'ஷோவா மறுமலர்ச்சி' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஷோவா என்பது அந்தச் சக்கரவர்த்தியின் ஆட்சிக் காலத்துக்குப் பெயர். சாடோ தீவிலிருந்து வந்த கிதா இக்கி என்ற சிந்தனையாளரின் எழுத்து அவர்களுக்கு வேதம். இன்னொரு பக்கம் ராணுவத்துக்குள்ளேயே கோஷ்டிச் சண்டை. 'சக்கரவர்த்தி நெறி' கோஷ்டி ஒன்று, 'கட்டுப்பாட்டு' கோஷ்டி ஒன்று. 1935 ஆகஸ்டில், கட்டுப்பாட்டு கோஷ்டியின் மூளையான ஜெனரல் நகாதாவை, ராணுவ அமைச்சகத்திலேயே அவர் அறைக்குள் நுழைந்து ஒரு லெப்டினன்ட் கர்னல் வாளால் கொன்றார். அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, டோக்கியோவிலிருந்த முதலாம் டிவிஷனை மஞ்சூரியாவுக்கு அனுப்பப்போவதாகச் செய்தி வந்தது. இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று கிளம்பிவிட்டார்கள்.

வாக்காளர்கள் வேறு பதில் சொல்லியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆறு நாள் முன்னால், பிப்ரவரி 20 அன்று, பொதுத்தேர்தல். மிதவாதக் கட்சியான மின்செய்தோ 205 இடம் பிடித்து முதலில் வந்தது. தொழிலாளர் பக்கம் பேசிய சமூக வெகுஜனக் கட்சிக்கு 18 இடம்.

திருப்பூர் வாசகர்: கூடப் போன சிப்பாய்களுக்கு விஷயம் தெரியுமா?

பலருக்குத் தெரியாது. ஏறக்குறைய 1,500 பேர் போனார்கள். அதில் ஜனவரியில் சேர்ந்த புதுப் பையன்களும் இருந்தார்கள். ராத்திரிப் பயிற்சி என்று நினைத்துப் பனியில் நடந்தார்கள். அதில் ஒருவர் ரகுகோ கலைஞர். ரகுகோ என்பது ஒற்றை ஆள் மெத்தையில் உட்கார்ந்து நகைச்சுவைக் கதை சொல்லும் கலை. கலகக்காரர்கள் பிடித்துவைத்திருந்த காவல்துறைத் தலைமையகத்துக்குள், ஆட்களின் தைரியத்துக்கு ஒரு கதை சொல் என்று மேலே உள்ளவர்கள் உத்தரவு போட்டார்கள். சொன்னார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்தப் பையன்தான் பிற்காலத்தில் ஐந்தாம் யனகியா கோசான். 1995-ல் ரகுகோ கலையிலிருந்து முதன்முதலாக 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்ற கௌரவம் பெற்றவர்.

நாகர்கோவில் வாசகி: பிரதமர் அலமாரிக்குள் ஒளிந்து தப்பினார் என்று என் பேரன் சொல்கிறான். சினிமாக் கதையா?

பேரன் சொன்னது சரி. பிரதமர் ஒகாடா கெய்சுகே, ஓய்வுபெற்ற அட்மிரல். அவர் தங்கை கணவர் மட்சுவோ அதே வீட்டில் தங்கி, மச்சானுக்கு உதவியாக இருந்தார். கொஞ்சம் முகச்சாயலும் உண்டு. முற்றத்தில் அவரைச் சுட்டார்கள். உள்ளே மாட்டியிருந்த பிரதமரின் படத்தை எடுத்துவந்து செத்த முகத்தோடு ஒப்பிட்டு, ஆள் இவர்தான் என்று முடிவுகட்டினார்கள். நிஜப் பிரதமர், வேலைக்காரப் பெண்களின் அறையில், படுக்கை மடித்து வைக்கும் அலமாரிக்குள். அந்தப் பெண்கள் இருவரும் நகராமல் காவல் காத்தார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்தவர்கள் அவர்கள்தான்.

ஊர் முழுக்கப் பிரதமர் காலி என்று செய்தி. மறுநாள், துக்கம் விசாரிக்கச் சில பெரியவர்களை உள்ளே விடுங்கள் என்று செயலாளர்கள் கலகக்காரர்களிடம் அனுமதி வாங்கினார்கள். வந்த கிழவர்களோடு கிழவராக, கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொண்டு, பிணத்தைப் பார்த்து மயங்கியவரைத் தாங்கிப் போவதுபோல ஒகாடாவை வெளியே கொண்டுபோய்க் காரில் ஏற்றிவிட்டார்கள். தன் சாவுக்கு வந்து திரும்பிய பிரதமர் வேறு யாராவது உண்டா?

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அரண்மனை முத்திரைக் காவலர், அதாவது சக்கரவர்த்திக்கு ஆலோசனை சொல்லும் பெரிய பதவியில் இருந்த சைதோ மகோதோ, முந்தின இரவு அமெரிக்கத் தூதர் வீட்டு விருந்தில் பேசும் படம் பார்த்து, ரசித்து, நேரம் கழித்து வீடு திரும்பியவர். விடிவதற்குள் சுட்டார்கள், குறுக்கே விழுந்த மனைவிக்கும் காயம். பிரதமர் வீட்டைக் காத்த போலீஸ்காரர்கள் நாலு பேர் அங்கேயே செத்தார்கள். கலகக்காரர்களின் அறிக்கையில் ஏழைகளைப் பற்றி நிறைய இருந்தது. அந்தப் போலீஸ்காரர்கள் யார் வீட்டுப் பிள்ளைகளாம்?

ஈரோடு வாசகர்: சக்கரவர்த்தி பெயரில்தானே எல்லாம் செய்தார்கள்? அவர் என்ன சொன்னார்?

கொதித்துப் போனார். ஹிரோஹிதோவுக்கு அப்போது 34 வயது. 'என் கைகால் போன்ற முதியவர்களைக் கொன்றவர்களை எப்படி மன்னிப்பது' என்ற பொருளில் அவர் பேசியதையும், அடக்கத் தயங்கினால் மெய்க்காவல் டிவிஷனை நானே நடத்திப் போகிறேன் என்றதையும் அவருடைய ராணுவ உதவியாளர் ஹொன்ஜோ நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இத்தனைக்கும் ஹொன்ஜோவின் சொந்த மாப்பிள்ளைக்கே அந்த அதிகாரிகளோடு தொடர்பு இருந்தது.

கோபத்துக்கு ஒரு வீட்டுக் காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். அரண்மனைத் தலைமை அதிகாரி சுசுகி கந்தாரோவையும் சுட்டிருந்தார்கள். அவர் மனைவி தகா, ஹிரோஹிதோ குழந்தையாக இருந்தபோது அவரை வளர்த்தவர். குண்டுகள் பாய்ந்து கிடந்த சுசுகியின் கழுத்தில் கடைசி வெட்டு வெட்ட வந்தபோது, அதை மட்டும் செய்யாதீர்கள் என்று தகா தடுத்தார். கேப்டன் ஆந்தோ யோசித்துவிட்டு, விறைப்பாக ஒரு மரியாதை செலுத்திவிட்டுத் தன் ஆட்களோடு போய்விட்டார். சுசுகி பிழைத்தார். 1945 ஏப்ரலில் பிரதமராகி, ஆகஸ்டில் யுத்தத்தை முடித்தது அவர் அமைச்சரவைதான்.

ராணுவத் தலைவர்களோ சக்கரவர்த்தி மாதிரி இல்லை, மென்று விழுங்கினார்கள். உங்கள் நோக்கம் சக்கரவர்த்தியின் செவிக்கு எட்டிவிட்டது என்று கலகக்காரர்களுக்கு ஓர் அறிவிப்பு போனது. அதைவிடக் கூத்து, முதல் இரண்டு நாள் அவர்களையும் நகரக் காவலில் இருக்கும் துருப்புகளாகவே கணக்கில் வைத்துச் சாப்பாடு அனுப்பினார்கள்.

யாழ்ப்பாணம் வாசகர்: சண்டை போட்டா அடக்கினார்கள்?

இல்லை. ஒரு பலூன், ஒரு துண்டறிக்கை, ஒரு வானொலிக் குரல். பிப்ரவரி 29 காலை, விளம்பர பலூன் ஒன்றில், 'சக்கரவர்த்தியின் உத்தரவு வந்துவிட்டது, படைக்கொடியை எதிர்க்காதே' என்று எழுதிப் பறக்கவிட்டார்கள். விமானத்திலிருந்து விழுந்த துண்டறிக்கையில் மூன்றே சங்கதி: ஒன்று, இப்போதும் தாமதமில்லை, திரும்பி வா; இரண்டு, எதிர்த்தால் துரோகி, சுடுவோம்; மூன்று, நீ தேசத் துரோகி ஆவதை நினைத்து உன் அப்பா அம்மா அழுகிறார்கள். மூன்றாவதுதான் வேலை செய்திருக்கும் என்பது என் ஊகம். வானொலி அறிவிப்பாளரும் இதையே உருக்கமாகப் படித்தார். மத்தியானத்துக்குள் சிப்பாய்கள் வரிசையாக முகாம் திரும்பினார்கள். ஓர் அதிகாரி தற்கொலை செய்துகொண்டார். ஆந்தோ தன்னையே சுட்டுக்கொண்டு பிழைத்தார், பிற்பாடு மரண தண்டனைக்காக. மற்றவர்கள், கோர்ட்டில் நின்று பேசி நாட்டையே திருப்பிவிடலாம் என்று நம்பிச் சரணடைந்தார்கள். கிடைத்ததோ கதவு மூடிய விசேஷ ராணுவ நீதிமன்றம்: வக்கீல் கிடையாது, அப்பீல் கிடையாது. ஜூலை 12-ல் 15 பேரைச் சுட்டார்கள். கலகத்தில் நேராக இறங்காத கிதா இக்கியையும் சேர்த்து இன்னும் நாலு பேர் 1937 ஆகஸ்டில். அவர்களைத் தட்டிக்கொடுத்த ஜெனரல் மசாகி விடுதலை.

சென்னை, ஓய்வுபெற்ற அரசு அலுவலர்: கலகம் தோற்றதே. அப்படியானால் ஜனநாயகம் பிழைத்தது என்றுதானே பொருள்?

நீங்கள் கோப்பு பார்த்தவர், உங்களுக்குச் சட்டென்று புரியும். துப்பாக்கியால் கிடைக்காதது ஒரு அரசாணையால் கிடைத்தது.

மார்ச்சில் ஹிரோதா கோகி பிரதமரானார். அவர் போட்ட அமைச்சர் பட்டியலைப் பார்த்து, ராணுவ அமைச்சராக வரவேண்டிய தெராவுச்சி, இவர் கூடாது அவர் கூடாது என்று அடித்தார். அடிபட்டவர்களில் ஒருவர் யோஷிதா ஷிகேரு, யுத்தத்துக்குப் பிறகு நாட்டை நிமிர்த்திய பிரதமர். அப்புறம் மே 18 அன்று ஒரு பழைய விதியைத் தூசி தட்டி எடுத்தார்கள்: ராணுவ அமைச்சரும் கடற்படை அமைச்சரும் பணியில் இருக்கும் ஜெனரலாகவோ அட்மிரலாகவோதான் இருக்க வேண்டும். 1913-ல் தளர்த்திய விதி அது. கேட்கச் சாதாரணமாக இருக்கிறதா? பணியில் இருப்பவர் மேலிடம் சொன்னால்தான் பதவி ஏற்பார், மேலிடம் சொன்னால் ராஜினாமா செய்வார். ராணுவம் ஆள் தராவிட்டால் அமைச்சரவையே கிடையாது. ஓய்வில் அனுப்பிய கலகக் கோஷ்டி ஜெனரல்கள் மறுபடி அமைச்சராகி வராமலிருக்க இந்த ஏற்பாடு என்று காரணமும் சொன்னார்கள். நான் பார்த்த சுற்றறிக்கைகளில் மோசமானவை எல்லாம் இப்படி யோக்கியமான காரணத்தோடுதான் வந்தன.

எட்டு மாதத்தில் பலன் தெரிந்தது. 1937 ஜனவரியில் ஹமாதா என்ற மூத்த உறுப்பினர், ராணுவம் அரசியலில் தலையிடுவதை நாடாளுமன்றத்தில் கண்டித்தார். ராணுவத்தை அவமதிக்கிறீர்கள் என்றார் தெராவுச்சி. குறிப்பேட்டைப் பார்ப்போம், நான் அவமதித்திருந்தால் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறேன், இல்லையென்றால் நீங்கள் கிழித்துக்கொள்ளுங்கள் என்று ஹமாதா திருப்பிக் கொடுத்தார். யாரும் கிழித்துக்கொள்ளவில்லை, அமைச்சரவைதான் கிழிந்தது. அடுத்து ஆட்சி அமைக்கச் சக்கரவர்த்தி அழைத்த ஜெனரல் உகாகிக்கு ராணுவம் அமைச்சர் தர மறுத்தது. வெறுங்கையோடு திரும்பினார்.

பணம்? தகஹாஷியின் நாற்காலியில் பாபா எய்யிச்சி உட்கார்ந்தார். சுமார் 230 கோடி யென் பட்ஜெட்டை அடுத்த ஆண்டுக்கு 300 கோடிக்கு ஏற்றினார். கடனும் வரியும் சேர்ந்து ஏறின. வட சீனத்தில் ஜப்பானியக் காவல் படை அந்த வசந்தத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கானது. அதில் ஒரு பகுதியைப் பெய்ஜிங் அருகே ஃபெங்தாயில் நிறுத்தினார்கள். மார்கோ போலோ பாலம் பக்கத்தில். 1937 ஜூலை 7-ல் சீன யுத்தத்தின் முதல் தோட்டா வெடித்தது அந்தப் பாலத்தருகேதான். 1936 நவம்பர் 25-ல் ஜெர்மனியோடு கம்யூனிச எதிர்ப்பு ஒப்பந்தம். டிசம்பர் 31-ல் கப்பல்களின் எண்ணிக்கையைக் கட்டிவைத்த கடற்படை ஒப்பந்தங்களும் காலாவதி.

ஒன்று விட்டுப்போச்சு. 1920-ல் ஆரம்பித்த புதிய நாடாளுமன்றக் கட்டடம் முடிந்தது அதே 1936 நவம்பரில். கருங்கல்லில், அன்றைக்கு ஜப்பானிலேயே உயரமான கட்டடம். உள்ளே உட்கார்ந்தவர்களுக்கு அதிகாரம்தான் மிச்சமில்லை.

சேலம் வாசகர்: அந்த வருஷம் நல்லதாக ஒன்றுமே நடக்கவில்லையா?

ஜூலையில் டோக்கியோ உயிரியல் பூங்காவிலிருந்து சயாம் நாடு தந்த கருஞ்சிறுத்தை தப்பியது. ஒரு நாள் முழுக்க ஊர் நடுங்கி, கடைசியில் சாக்கடைக்குள் பிடித்தார்கள். அந்த மாதக் கடைசியில் 1940 ஒலிம்பிக் டோக்கியோவுக்குக் கிடைத்தது. யுத்தத்தால் நடக்காமலே போனது. ஆகஸ்டில் பெர்லினில் மாரத்தான் தங்கம் ஜப்பானுக்கு. ஓடியது சோன் கீ-சுங் என்ற கொரியர். பரிசு மேடையில் தலை குனிந்து நின்றார். கொரியப் பத்திரிகை தோங்-ஆ இல்போ அவர் மார்பிலிருந்த ஜப்பானியக் கொடியை அழித்துவிட்டுப் படம் போட்டது, பத்திரிகையை நிறுத்திவைத்தார்கள். நல்லது கேட்டீர்கள், என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

விருதுநகர் மாணவரே மறுபடி: ஆனாலும் ஏழைகளுக்காகத்தானே உயிரைக் கொடுத்தார்கள்? அவர்களைத் தியாகிகள் என்று சொல்லக் கூடாதா?

தம்பி, உங்களோடு சண்டை போட மாட்டேன். ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதே பிப்ரவரி 26 காலை ஜெனரல் வதனாபே ஜோதாரோவை டோக்கியோவின் ஓகிகுபோ பகுதி வீட்டில் சுட்டபோது அவர் பக்கத்தில் படுத்திருந்தது ஒன்பது வயது மகள் கசுகோ. சாய்த்து வைத்திருந்த மேசைக்குப் பின்னால் போ என்று அப்பா கண்ணால் காட்டினார். ஒரு மீட்டர் தூரத்தில் நடந்த அத்தனையும் அந்தக் குழந்தை பார்த்தது. வளர்ந்து கிறிஸ்தவக் கன்னியாஸ்திரீயாகி, கல்லூரித் தலைவியாகி, 2016 கடைசியில் காலமானார். கலகம் நடந்து ஐம்பது வருஷம் கழித்து, அந்த அதிகாரிகளுக்கு அசபுவில் உள்ள கோயிலில் நடந்த நினைவு நாளுக்கு அவரை அழைத்தார்கள். தயங்கித்தான் போனார். கல்லறையில் கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினால், கீழே இரண்டு முதியவர்கள் அழுதுகொண்டு நின்றார்கள். அவர் அப்பாவைக் கொன்ற அதிகாரிகளின் தம்பிமார். முதலில் நாங்கள்தான் உங்கள் தந்தையின் கல்லறைக்குப் போயிருக்க வேண்டும், அது எங்கே என்று சொல்லுங்கள் என்று கேட்டார்கள். சொன்னார்.